வேப்பமரத்தடியும் சுவரோரமும்

என் தோழிக்கு,

கையை எவ்வளவு தேய்த்துக் கழுவியும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. மருமகள் பாதி எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "நல்லா தேய்ங்க அத்தே" என்றாள். தேய்த்தேன். விரல் இடுக்கில் எரிந்ததுதான் மிச்சம். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் முதலில் சுண்ணாம்புதான் வருகிறது, சாம்பார் அதற்குப் பிறகுதான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து இதை எழுதுகிறேன். நீ இருந்திருந்தால், "எனக்காக நீ சோத்தை வுட்டுட்டு வந்தியா, நம்பச் சொல்றியா" என்று கேட்டிருப்பாய்.

இந்த வாடை எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். என் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். மாட்டுத் தோலை ஊறப்போட்டு முடியைக் கழற்றுகிற தொட்டி. அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வாடை நுழைந்துவிடும். சின்ன வயதில் அவர் தூக்க வந்தால் ஓடி ஒளிந்துகொள்வேன். அவர் இறந்தபோது பாலாற்றங்கரையில் புதைத்தார்கள். எங்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் மண்மேடு. ஆற்றில் வெள்ளம் வந்த ஒரு மழைக்காலத்தில் அந்த மேடும் போய்விட்டது. உங்களுக்கெல்லாம் பெயர் எழுதிய கல்லறை இருக்கிறதே என்று நான் உன்மேல் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது அதற்காகத்தான்.

ஆனால் உன்மேல் பட்டதைவிட உன்னை வைத்துப் பட்டதுதான் அதிகம். வேறு யார்மேல், நசீமா மேல்தான்.

கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் வரிசையில் நீ நடுவில் இருந்தாய். உனக்கு இடப்பக்கம் என் மெஷின். வலப்பக்கம் பல வருஷம் யார் யாரோ வந்தார்கள், போனார்கள், அவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு நசீமா வந்தாள். நம்மைவிடச் சின்னவள். வந்த அன்றே ஊசியை உடைத்தாள். நீ உன் வேலையை நிறுத்திவிட்டுப் போய் அவளுக்கு வேறு ஊசி மாட்டிக் கொடுத்தாய். எனக்கு ஊசி உடைந்த அன்று, "கண்ணு எங்க இருக்கு உனக்கு" என்று திட்டியவள் நீ. அதை நான் மறப்பேனா.

மத்தியானம் மூன்று டப்பாக்களும் திறக்கும். உன் கை முதலில் நசீமாவின் டப்பாவுக்குத்தான் போகும். அவள் கொண்டுவந்தது வெறும் தால்ச்சாவாக இருந்தாலும் உனக்குப் போதும். நான் விடியலில் எழுந்து கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துவந்திருப்பேன். "இருடி, அதுக்கும் வர்றேன்" என்பாய். வரத்தான் செய்வாய், டப்பாவை வழித்தும் விடுவாய். ஆனாலும் இரண்டாவதாக வந்தாய் என்பதை நான் மனதில் குறித்துக்கொள்வேன்.

அவளுக்கு நாம் இரண்டு பேருமே 'அக்கா'. நீ அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட்டாய். என்னைக் 'கஸ்தூரி' என்று முழுப் பெயரும் சொல்லித்தான் கூப்பிடுவாய். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டே விட்டேன். நீ மெஷினை நிறுத்தக்கூட இல்லை. "அவ அம்மா இல்லாத பொண்ணு. நீ இன்னா கொழந்தையா?" என்றாய். சாயங்காலம் வரைக்கும் நான் உன்னோடு பேசவில்லை. கம்பெனி வண்டியில் நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து தோளால் இடித்தாய்.

"உனக்குப் பொறாமை ஜாஸ்தி கஸ்தூரி. சொன்னாலும் நீ வுடமாட்ட. சரி, வெச்சுக்கோ. ஊர் மேல எல்லாம் வெக்காத. எம்மேல மட்டும் வெச்சுக்கோ."

நீ கேலிக்குச் சொன்னாயோ, நிஜமாகச் சொன்னாயோ, நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஒவ்வொரு வருஷமும் அரைநாள் லீவு போடுவாய். கையில் பக்கெட், பிரஷ், பழைய பேப்பரில் கட்டிய சுண்ணாம்பு. கல்லறைத் தோட்டம் வரைக்கும் நானும் கூட வருவேன், கேட்டோடு நின்றுவிடுவேன். எங்கள் பக்கம் பெண்கள் அந்த மாதிரி இடத்துக்குப் போவதில்லை. சாவு எடுத்தால் தெருமுனையோடு திரும்பி வீட்டுக்கு வந்து தலை முழுக வேண்டும். "உள்ள வாடி. எல்லாரும் செத்துப்போனவங்கதான், உன்ன இன்னா பண்ணிடப்போறாங்க" என்று உள்ளே இருந்து கத்துவாய். உன் பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாக்குச் சொல்லி நான் வெளியிலேயே நிற்பேன்.

நீ வெளியே வரும்போது முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருக்கும். உன் அம்மாவின் கல்லறைக்கு அடிக்க அத்தனை நேரம் ஆகாது. யாரும் வராத கல்லறைகளுக்கும் அடித்துவிட்டு வருவாய். "சுண்ணாம்பு மிச்சமானா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் இன்னா பண்றது?" என்பாய். மிச்சமாகிற மாதிரிதான் நீ வாங்குவாய் என்பது எனக்குத் தெரியும். ஒரு வருஷம் கேட்டருகில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்.

"மூலையில ஒரு கல்லறை. சிலுவை பாதி உடைஞ்சுபோச்சு, பேரும் இல்ல. அதை உங்கப்பான்னு நெனச்சுக்கிட்டேன் கஸ்தூரி. ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிச்சுட்டு வந்தேன்."

நடுரோட்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா தூக்க வந்தபோது எந்த வாடைக்குப் பயந்து ஓடினேனோ, அதே வாடை. அன்றைக்கு அது எனக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நசீமாவை நீ 'கண்ணு' என்று கூப்பிடும்போதெல்லாம், கூப்பிட்டுக்கொள், என்னிடம் அந்த இரண்டு கோட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. நீ எனக்கென்று செய்த ஒன்று, எனக்குள்ளேயே இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

உனக்குச் சிறுநீரகம் கெட்டு வேலூரில் சேர்த்தபோது நான் தூரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். அவளுக்குப் பிரசவம், நகர முடியவில்லை. நசீமா லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தாள். போனில் நீ பேசும்போதெல்லாம் பின்னால் அவள் குரல் கேட்கும். "தண்ணி கம்மியாத்தான் குடிக்கணும்னு சொல்லியிருக்காங்கக்கா" என்று எனக்கே செய்தி சொல்வாள். உன்னைப் பற்றி எனக்குச் சொல்ல ஒருத்தி வந்துவிட்டாளே என்று போனை வைத்த பிறகு பொருமுவேன். நீ போன செய்தியும் அவள் வாயிலிருந்துதான் எனக்கு வந்தது.

அடக்கத்தன்று நல்ல மழை. உன் பெட்டிக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தின் பெரிய கேட் வரைக்கும் வந்தேன். அங்கே கால் நின்றுவிட்டது. யாரும் தடுக்கவில்லை. உன் சபைப் பெண்கள் குடையைப் பிடித்துப் பாடிக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். பழகிய கால், பழகிய இடத்தில் நின்றது, அவ்வளவுதான். உள்ளே இருந்து நீ கத்திக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கு நிச்சயம் வந்திருப்பேன். நீயோ கூப்பிடுகிற நிலையில் இல்லை.

நசீமாவைத் தேடினேன். கேட்டருகில் எங்கேயும் அவள் இல்லை. அப்படியானால் உள்ளே போயிருக்கிறாள், உன் குழியைப் பார்த்திருக்கிறாள், உனக்கு ஒரு பிடி மண்ணும் போட்டிருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த ஒரு பிடி மண்ணை நினைத்துத்தான் இத்தனை வருஷம் என் வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரியிலும் அவள், குழியருகிலும் அவள். எனக்கு ஒரு கேட்.

உன் ஒரே மகன் வெளிநாட்டிலிருந்து வர முடியவில்லை. சபைக்காரர்கள் ஒரு மரச்சிலுவையை நட்டார்கள். அந்த மழை விடாமல் பெய்து மண்ணை இறக்கிவிட்டது, சிலுவைகள் சாய்ந்தன. தோட்டத்தைச் சுத்தம் செய்தவர்கள் எல்லாவற்றையும் பொறுக்கிக் குழாயடியில் குவித்துவிட்டார்கள். நீ இல்லாத முதல் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், பக்கெட்டோடு அந்தக் கேட்டை முதல்முறையாகத் தாண்டினேன். கடைசி வரிசையில் இரண்டு மேடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று வேப்பமரத்தடியில், இன்னொன்று சுவரோரம். சபைக்காரர்களுக்கும் அடையாளம் தெரியவில்லை. குழி வெட்டியவரைக் கேட்டேன்.

"அந்த வாரம் ரெண்டு குழி வெட்டுனேன்மா. ஒண்ணு உங்க சிநேகிதிக்கு. இன்னொண்ணு வெளியூர் ஆளு, வேலைக்கு வந்த எடத்துல செத்துட்டாரு, சொந்தம்னு யாரும் வரல. மழையில எது யாருதுன்னு இப்ப கேட்டா? ரெண்டுல ஒண்ணு."

நான் யோசிக்கவே இல்லை. மரத்தடிக்குப் போனேன். கம்பெனியில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற இடத்துக்காகச் சூப்பர்வைசரோடு மல்லுக்கு நின்றவள் நீ. வெயிலில் நடந்தால் ஈரக் கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொள்வாய். நிழலை விட்டுவிட்டு நீ வேறு எங்கே போயிருப்பாய். மேட்டைச் சுற்றிக் கல் அடுக்கி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது நசீமா வந்தாள். அவள் கையிலும் பக்கெட். என்னைப் பார்த்தாள். பேசவில்லை. நேராகச் சுவரோரத்து மேட்டுக்குப் போய்க் குனிந்தாள்.

நானும் பேசவில்லை. வாயைத் திறந்தால், "நான் உள்ள வந்து பார்த்தேன், அக்காவை இங்கதான் வெச்சாங்க" என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். சொன்னால் நான் என்ன செய்வேன்.

அதிலிருந்து வருஷா வருஷம் இதே கூத்துதான். நான் செவ்வந்தி வைத்தால் அவள் ரோஜா வைப்பாள். என் மேட்டைச் சுற்றிக் கருங்கல் இருக்கிறது என்று அவள் செங்கல் கொண்டுவந்து அடுக்கினாள். ஒருமுறை பக்கத்துக் கல்லறைக்கு வந்த அம்மா ஒருத்தி, "அக்கா தங்கச்சி ரெண்டு பேரு புதைஞ்சிருக்காங்களா?" என்று என்னைக் கேட்டாள். நான் குனிந்து செவ்வந்தியைச் சரிசெய்தேன். நசீமா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கம்பெனியை விட்டு நான் நின்றுவிட்டதால் வேறு எங்கேயும் நாங்கள் பார்த்துக்கொள்வதும் இல்லை.

இந்த வருஷம் சபையில் அறிவித்துவிட்டார்கள். தோட்டத்தில் இடம் இல்லை. கட்டடம் கட்டாத மேடுகளைத் திருநாளுக்குப் பிறகு சமன்செய்து புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பார்களாம். உன் மகன் போன் செய்தான். "ஆன்ட்டி, அம்மா பேரு போட்ட கல்லு வந்துடும், கொத்தனாருக்கும் சொல்லிட்டேன். எந்த எடம்னு நீங்களும் நசீமா ஆன்ட்டியும் சேர்ந்து சொல்லிடுங்க" என்றான். சேர்ந்து என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். இருப்பது ஒரு கல், ஒரு கட்டடம். தப்பான மேட்டில் வைத்தால் அந்த வெளியூர்க்காரர் உன் பெயரில் இருப்பார். உன்மேல் மண்வெட்டி போகும்.

இன்று காலை போனேன். எனக்கு முன்னாலேயே நசீமா வந்திருந்தாள். உன் பெயர் எழுதிய கல் சுவரில் சாய்ந்திருந்தது. கொத்தனார் கலவையைக் குழைத்து முடித்துவிட்டு, "எங்கம்மா வெக்கணும்?" என்று கேட்டார்.

"இங்க" என்றேன், மரத்தடியைக் காட்டி.

"இங்க" என்றாள் நசீமா, சுவரோரத்தைக் காட்டி.

"அவளுக்கு வெயில் ஆகாது. நிழல்லதான் இருப்பா."

"அக்காவா வந்து எடம் பார்த்துப் படுத்துச்சு? வெச்ச எடத்துலதானே இருக்கும்."

"அப்போ நீ எதை வெச்சு செவுத்தோரம்னு சொல்ற?"

நசீமா கொஞ்சம் தயங்கினாள். "ஆஸ்பத்திரில கட்டிலைச் செவுத்தோரமா போடச் சொல்லிக் கேட்டு வாங்குச்சு. சாஞ்சுக்க ஒரு செவுரு வேணும் கண்ணுன்னு சொல்லுச்சு."

சாய்ந்துகொள்ள உனக்குச் சுவர் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் உன் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து தைத்திருக்கிறேன். உன் முதுகு வலிப்பதை நீ எனக்குச் சொல்லவில்லை, அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"சும்மா கண்ணு, கண்ணுன்னு எங்கிட்ட சொல்லிக் காட்டாத" என்றேன்.

"யம்மா, கலவை இறுகுது" என்றார் கொத்தனார். "சண்டை அப்பறம் போட்டுக்கலாம். அடக்கம் பண்றப்போ யாரு கூட இருந்தீங்க? அவங்க சொல்லுங்க."

இத்தனை வருஷம் நான் பயந்த கேள்வி. அவள் முந்திக்கொள்வதற்குள், "நான் இருந்தேன்" என்றேன்.

"நானும்தான் இருந்தேன்" என்றாள் நசீமா.

"ரெண்டு பேரும் இருந்துட்டு எடம் தெரியலன்னா எப்படிம்மா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நசீமாதான் குரலை இறக்கிக்கொண்டு பேசினாள். "நீ சொல்லுக்கா. நீதானே உள்ள போன."

"நானா? நான் கேட்டாண்டயே நின்னுட்டேன். நீதானே போன?"

"நான் எங்கக்கா போனேன்? எங்கூட்ல பொம்பளைங்க அடக்கத்துக்குப் போற வழக்கமே இல்ல. பின்னாடி சின்ன கேட்டு இருக்குதே, அங்க நின்னு மழையில நனைஞ்சேன். உன்னைக் காணோம். சரி, மண்ணு போட உள்ள போய்ட்டன்னு நெனச்சேன். அதை நெனச்சு இத்தன வருஷமா எவ்ளோ பேஜாரா இருந்துச்சு தெரியுமா எனக்கு."

கொத்தனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீ பார்த்திருக்க வேண்டும். உன் உயிர்த்தோழிகள் இரண்டு பேர், ஆளுக்கொரு கேட்டில் நின்றுவிட்டு, உள்ளே போனது மற்றவள்தான் என்று வெந்துகொண்டிருந்தோம். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிக்கச் சிரிக்க நசீமாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பிறகு அது சிரிப்பாக இல்லை.

"எங்கம்மாவைப் புதைச்ச கபரையே நான் பார்த்தது கெடையாதுக்கா" என்றாள். "அண்ணன் போய்ட்டு வந்து சொல்லுவான், அதான். ஒரு தபா அதைச் சொல்லி மெஷினாண்டயே அழுதுட்டேன். நீ அன்னிக்கு லீவு. அந்த வருஷம் இங்க வந்துட்டுப் போன மறுநாளு அக்கா எங்கிட்ட வந்து சொல்லுச்சு. மூலையில ஒரு கல்லறை, பேரில்ல, சிலுவை உடைஞ்சது. அதை உங்கம்மான்னு நெனச்சு ரெண்டு கோட்டு அடிச்சேன் கண்ணு, அப்படின்னு."

நீ எனக்கென்று செய்தது என்று யாரிடமும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேனே, அதையா. அதே மூலை, அதே உடைந்த சிலுவை, அதே இரண்டு கோட்டு. கதையைக்கூட நீ மாற்றவில்லை.

"எந்த மூலை, வா, காட்டு" என்றேன்.

"எனக்கு மட்டும் எப்படிக்கா தெரியும்? தேடலாம் வா."

கொத்தனார் பின்னால் கத்திக்கொண்டே இருந்தார். தோட்டத்தின் நான்கு மூலைகளிலும் தேடினோம். உன் அம்மாவின் கல்லறைக்குப் பின்னால், உன்னிச்செடிப் புதருக்குள் இருந்தது. செடியை ஒடித்துத் தள்ளினோம். சிலுவையின் ஒரு கை இல்லை. சுண்ணாம்பு ஏடு ஏடாக உரிந்து, ஒன்றுக்குக் கீழ் இன்னொன்றாக வெள்ளை தெரிந்தது. இவ்வளவும் உன் கை அடித்ததுதான். எங்களிடம் சொன்ன வருஷத்தில் மட்டும் இல்லை, சொல்லாத வருஷங்களிலும் நீ இதற்கு அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

"இது எங்கப்பா" என்றேன்.

"இன்னாது?"

"எங்கிட்டயும் இதையேதான் சொன்னா. இதே கல்லறை. உங்கப்பான்னு நெனச்சேன்னு."

நசீமா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ உங்கப்பாவும் எங்கம்மாவும்…" என்று ஆரம்பித்தவள் சிரிப்பில் முடிக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். அடிப்பாவி, யாரென்றே தெரியாத ஒருவரின் கல்லறையில் என் அப்பாவையும் அவள் அம்மாவையும் சேர்த்துக் குடிவைத்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குள் பழையபடி கிளம்பியது. எனக்கென்று இருந்த ஒன்றும் பாதியாகிவிட்டதே என்று இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நசீமா பார்த்துவிட்டாள். அவளும் பொறாமைக்காரிதானே, பார்த்தவுடன் தெரியும்.

"ரெண்டு கோட்டுன்னுதானேக்கா சொல்லுச்சு" என்றாள். "ஒண்ணு உங்கப்பாவுக்கு. ஒண்ணு எங்கம்மாவுக்கு."

உன் கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நாங்கள் திரும்பி வந்தபோது கொத்தனார் கலவையில் தண்ணீர் தெளித்துக் கிளறிக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை. நசீமா இரண்டு மேடுகளையும் பார்த்துக்கொண்டே நின்றாள். "டிக்கெட் விழுந்த கட்டு மாதிரி ஆயிடுச்சுக்கா" என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. வெட்டிய தோல் கட்டுக்கட்டாக நம் மெஷினுக்கு வரும், ஒவ்வொரு கட்டிலும் எந்த ஆர்டர் என்று ஒரு டிக்கெட் இருக்கும். டிக்கெட் எங்கேயாவது விழுந்துவிட்டால், இரண்டு கட்டில் எது அவசரம் என்று வரிசையே சண்டை போடும். நீ தலையைத் தூக்காமல் சொல்வாய்.

அதை நான் நினைத்து முடிப்பதற்குள் நசீமா சொல்லிவிட்டாள். "ரெண்டையும் தச்சு அனுப்புங்கடி, அதுல ஒண்ணு சரியா இருக்கும். அக்கா அப்படித்தானே சொல்லும்?"

இதிலும் அவள் முந்திக்கொண்டாள். நாக்கு நுனியில் இருந்தது எனக்கு.

கொத்தனாரிடம் சொன்னோம். இரண்டு மேட்டையும் சேர்த்து ஒரே சுற்றுக் கட்டு, நடுவில் கல். அவர் தலையில் கை வைத்தார். "அந்த இன்னொரு ஆளு யாருன்னே தெரியாதே?" என்றார். பாஸ்டருக்குப் போன் போட்டோம். அவர், அந்த வெளியூர் ஆளுக்கும் கேட்க யாரும் இல்லை, தாராளமாகக் கட்டுங்கள் என்றார். செங்கல் பற்றாது என்று கொத்தனார் அடுத்த தகராறைக் கிளப்பினார். நசீமா அடுக்கியிருந்த செங்கலையும் நான் அடுக்கியிருந்த கருங்கல்லையும் பிடுங்கி அவர் முன்னால் போட்டோம். போட்டிக்கு அடுக்கியது சரியாகப் போதுமானதாக இருந்தது. பார்க்க அழகாக இல்லை, பாதி கல், பாதி செங்கல். நீ ஒன்றும் அழகைப் பார்க்கிறவள் இல்லை.

காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டுக் கொத்தனார் போனார். எங்களுக்கு ஏது பொறுமை. முதலில் மூலைக் கல்லறைக்குப் போய் அவள் ஒரு கோட்டு, நான் ஒரு கோட்டு அடித்தோம். பிறகு உன்னிடம் வந்தோம். குழாயடியில் பக்கெட்டைக் கழுவும்போது நசீமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நாளைக்கு வர்றப்போ கருவாட்டுக் குழம்பு வெச்சு எடுத்துட்டு வாக்கா. ஆஸ்பத்திரில கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுச்சு. நான் இன்னா செஞ்சு எடுத்துட்டுப் போனாலும் ஒரு வாய் வாங்கிட்டு, கஸ்தூரி குழம்பு மாதிரி வருமா கண்ணுன்னு சொல்லும். எனக்கு எவ்ளோ எரிச்சலா இருக்கும் தெரியுமா."

இதை நீ என்னிடம் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கலாம். உனக்கு வாய் எங்கே போயிற்று. இத்தனை வருஷமாக இரண்டாவது டப்பா, இரண்டாவது டப்பா என்று நான் புழுங்கியிருக்கிறேன்.

நாளைக் காலை குழம்பு வைக்க வேண்டும். கருவாட்டை இப்போதே கழுவி வைத்துவிட்டேன். மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.

பொறாமையை உன்மேல் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாய். இன்றைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், குறையவில்லை. உன் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்ட அந்த வெளியூர்க்காரர் மேலும் கொஞ்சம் இருக்கிறது, அதை நீ மன்னிக்க வேண்டும். எது நீ, எது அவர் என்று இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு மட்டும் தெரியும். நீ வேப்பமரத்தடியில்தான் இருக்கிறாய். நசீமா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, மரத்தடிப் பக்கத்துக்கு மட்டும் இன்னொரு கோட்டு அடித்துவிட்டேன்.

அப்புறம் கொத்தனார் மறந்து வைத்துவிட்டுப் போன கரண்டியைக் கேட்டருகில் இருக்கிற காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் நான் அடித்ததும் சேர்த்து எல்லா இடமும் காய்ந்து வெளுத்திருந்தது. சுவரோரப் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது, அப்போதுதான் அடித்த மாதிரி. நசீமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரஷ்ஷைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் என் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தேன். அவள் கையிலும் இந்நேரம் இந்த வாடை போயிருக்காது.

கஸ்தூரி